மூன்றாவது பெஞ்ச்

வாசலில் தரும் வரைபடத்தில்
மரங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள்.
என்னுடையதில் பெஞ்சுகளுக்கு.
வாசலிலிருந்து முதல் பெஞ்ச் அறுபத்திரண்டு காலடி.
அங்கிருந்து இரண்டாவது முப்பத்தெட்டு.
மூன்றாவதற்கு ஐம்பது, நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு குட்டைச் சுவர்.
அதற்கப்பால் எனக்குத் தோட்டம் இல்லை.

எந்தத் தூரத்தையும் இரண்டால் பெருக்கிவிட்டுத்தான்
எழுந்திருக்க வேண்டும்.
போவதை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு
முழங்கால்கள் இருக்கின்றன.

தோகாவில் இலையுதிர் காலமா என்று
கணக்குப் பிரிவில் அலோஷியஸ் சிரித்தார்.
சிரிக்கலாம்.
பேரீச்சையின் காய்ந்த ஓலையைக்கூட
இங்கே ஆள் ஏறித்தான் வெட்ட வேண்டும்.
மண்ணுக்கடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடி
எல்லாவற்றையும் பச்சையாக இருக்கச் சொல்கிறது.

பாதாம் மட்டும் கேட்பதில்லை.
ஜனவரி இரண்டாம் வாரம், வடகாற்று வீசத் தொடங்கியதும்
ஒரே கிளையில் வற்றல் மிளகாய், ஈரல், வெந்தயம்,
நனைந்த இரும்பின் துரு
எல்லா நிறத்தையும் வைத்துக்கொண்டு
உள்ளங்கையைவிட அகலமான இலைகளைச்
சீட்டாடுகிறவர் போல
யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக இறக்குகிறது.

பெரிய லென்ஸைப் போன வருடமே விற்றுவிட்டேன்.
மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை.
கைத்தடியின் தலையில் ஒரு திருகு பற்றவைத்து
கேமராவை மாட்டும்படி செய்து கொடுத்தவர்
நஜ்மாவில் ஒரு வெல்டிங் கடைக்காரர்.
காசு வாங்க மறுத்துவிட்டார், அது வேறு தொல்லை.
இப்போது நடக்கவும் பார்க்கவும் ஒரே தடி.
பார்க்கும்போது நடக்க முடியாது.

எல்லாப் படத்திலும் இடது மூலையில்
ஒரு விளக்குக் கம்பம்.
நான்கடி தள்ளி நின்றால் மறைந்துவிடும்.
நான்கடியும் சரளைக்கல்.
கம்பம் இருக்கட்டும்.

மரமும்தான் நடப்பதில்லை என்று
பிசியோதெரபிஸ்ட் ஆறுதல் சொன்னாள்.
மரத்தை யாரும் மேசையில் கிடத்தி
இன்னும் பத்து, இன்னும் பத்து என்று
மடக்கி நீட்டுவதில்லை
என்று நான் சொல்லவில்லை.
வலித்ததால் மூச்சு மிச்சமில்லை.

ஒன்பது மணிக்கு ஃபோர்மேன் வருவார்.
அதற்குள் ஓர் இலை தரையில் கிடக்கக்கூடாது.
கூட்டுகிறவர் ஷஃபீகுல்.
எனக்குத் தெரிந்த இந்தியில், அவருக்குத் தெரிந்த இந்தியில்
ஒருநாள் கேட்டேன்:
இந்த மரத்தடியை மட்டும் கொஞ்சம் விட்டுவைக்க முடியுமா?
ஒன்பது விரலைக் காட்டிவிட்டுக்
கூட்டிக்கொண்டே போனார்.

படங்களைத் தேதிவாரியாக அடுக்கியபோதுதான் பார்த்தேன்.
முதல் வாரம் எட்டேகாலுக்கே தரை துடைத்த மாதிரி.
அடுத்த வாரம் எட்டரைக்கு இலைகள்.
அதற்கடுத்து எட்டு ஐம்பதுக்கும் இலைகள்,
சட்டகத்தின் ஓரத்தில் விளக்குமாற்றின் நுனி
கலங்கலாக,
ஓங்காமல்.

பின்வாசலிலிருந்து கூட்ட ஆரம்பித்திருக்கிறார்.
என் மரத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
நானும் மூன்று வாரமாக
காற்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று வேறு யாரோ கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
மணலில் ஈர்க்குக் கீறல்கள்,
விசிறி மேல் விசிறியாக மரத்தைச் சுற்றி.
அதை ஒன்று எடுத்தேன்.
எடுக்கும்போதே ஓர் இலை இறங்கியது,
படத்தில் அது வெறும் சிவப்புக் கறை.
அழிக்கவில்லை.

தூரத்தில் நாற்றங்கால் வலைக்குப் பின்னால்
மாதுளை வரிசையில் அந்த மஞ்சள் சட்டை குனிந்து நிமிர்கிறது.
இடம் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.
பையில் அவருக்கென்று அச்சிட்ட படம் ஒன்று,
விளக்குமாற்று நுனி தெரிவது.

இங்கிருந்து நாற்பது காலடி இருக்கும்.
நடுவில் பெஞ்ச் இல்லை.
கேமராவைத் தடியிலிருந்து கழற்றி
பையில் வைக்கிறேன்.

எண்பது.