பூட்டியிருந்தது

கறுப்பு டம்ளர் நூற்றிருபது.
அரை டம்ளர் தண்ணீர், உள்பக்கம் ஒட்டிய வடிதாள்,
அடியில் வெள்ளை மையில் வீட்டு எண்.
கூத்தாநல்லூரில் பதினோரு தெருவுக்கு
வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறவள் நான்.
"கொசு வளக்கிற அக்கா!"
என்று கத்திவிட்டு ஒரு பையன் ஓடுவான்.
அப்போது அவன் பேர் தெரியாது.

முட்டை, எள்ளில் பத்தில் ஒரு பங்கு.
தாளை லென்சுக்கடியில் வைத்து எண்ணுவேன்.
நாற்பத்தேழு. அறுபது. ஒன்றுமில்லை. பன்னிரண்டு.
எண்ணி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தால்
ரசத்தில் மிதக்கும் சீரகத்தையும் எண்ணத் தோன்றும்.

மழைக்கு அப்புறம்தான் காய்ச்சல் என்பார்கள்.
எங்கள் கணக்கு அதை மட்டும் சொல்லவில்லை.
வெண்ணாற்றில் மணல் தெரிந்த சித்திரையில்
குழாய்த் தண்ணீர் நாலு நாளுக்கு ஒருதரம் ஆனது.
டிரம், அண்டா, சிமெண்டுத் தொட்டி,
கொல்லையில் பழைய வாஷிங் மெஷினின் வயிறு.
ஆறு வற்ற வற்ற
வீட்டுக்கு ஒரு குளம்.

தஞ்சாவூர் ஆபீசில் அமிர்தகடேசன் சார்
வெயில் கோட்டையும் முட்டைக் கோட்டையும்
ஒரே தாளில் வரைந்து காட்டினார்.
கைகோத்துக்கொண்டு மாடி ஏறுகிற மாதிரி
ஏறிக்கொண்டே போயின.
சூடு கூடினால் கொசுவுக்குள் கிருமி
சீக்கிரம் முதிர்ந்துவிடுமாம்.
"மாங்காய்க்குக் கல் வைக்கிற மாதிரியா சார்?"
சிரித்தார்.
பிறகு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் மூன்று குறியீடு.
ஒன்று, பார்த்தேன்.
இரண்டு, உள்ளே விடவில்லை.
மூன்று, பூட்டியிருந்தது.
இந்த ஊரில் மூன்றுக்குப் பஞ்சமில்லை.
ஒரு சாவி புருணையில், ஒன்று ஈப்போவில்,
ஒன்று யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.
முற்றம் வைத்த பெரிய பெரிய வீடுகள்
ரெண்டு வருஷத்துக்கு ஒரு பெருநாளைக்குத் திறக்கும்.

மூன்றை அழுத்தினால்
போனில் அடுத்த பக்கம் போகாது.
முட்டை எத்தனை என்று கேட்டபடி நிற்கும்.
வெயில் பன்னிரண்டு மணி.
இன்னும் இருபத்தாறு வீடு.
சைபர் போட்டேன்.
போனது.
அடுத்த வாரமும் போனது.

ஆவணியில் வரைபடத்துக்கு அம்மை போட்டது.
காய்ச்சல் கண்ட வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி,
புள்ளிகள் சேர்ந்து வளையம் கட்டின.
வளையத்துக்கு நடுவில் ஒரே ஒரு பச்சை.

"சுத்தி முப்பது கேஸ்.
இந்த ஒரு வீட்டுல மட்டும் பதினேழு வாரம் சைபர்.
எப்படிம்மா தையல்நாயகி?"
ஒரே ஒரு சொல்தான் பதில்.
படிவத்தில் அதற்கு இடம் இருந்தது,
என் வாயில் இல்லை.

நகராட்சி ஆள் பூட்டை உடைத்தார்.
முற்றத்தில் பித்தளைக் கொப்பரை,
விருந்தாளி கைகழுவ வாங்கியதாம்.
மாடியில் மூடாத தொட்டி,
ஏர்கூலரில் ஒரு சாண் தண்ணீர்.
டார்ச் அடித்தேன்.
தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தவை
வெளிச்சம் பட்டதும்
மொத்தமாய் அடிக்கு இறங்கின.

முப்பத்தொன்றாவது கேசை
மருத்துவமனைச் சீட்டில் படித்தேன்.
முகமது ஃபாஸில், வயது ஒன்பது.
தட்டணு பதினாலாயிரம்.
முகவரியைப் பார்த்தபிறகுதான்
குரல் ஞாபகம் வந்தது.
அவன் வைத்த பேரில்
ஒரு பிழையும் இல்லை.

சார் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
பதினேழு சைபரையும் ஒவ்வொன்றாக
என்னையே அழிக்கச் சொன்னார்.
பச்சை போய் அந்த வீடு சாம்பல் ஆனது.
சாம்பலுக்கு அர்த்தம்
வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருந்தது:
தெரியாது.

புரட்டாசி. வெண்ணாற்றில் தண்ணீர் ஓடுகிறது.
டம்ளர் கூடையோடு வரிசையாக வருகிறேன்.
ஒன்று. ஒன்று. இரண்டு. ஒன்று.
ஃபாஸில் வீட்டுக் கதவில் புதுப் பூட்டு.
அவன் உம்மா அடியக்கமங்கலத்தில்
தங்கை வீட்டோடு போய்விட்டாளாம்.

மூன்றை அழுத்துகிறேன்.
முட்டை எத்தனை என்று கேட்கிறது.
கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு
அடுத்த பக்கம் வரும்வரை
வெயிலில் நிற்கிறேன்.