கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

காரை விட்டு இறங்கக் கூடாது என்பது
அவள் போட்ட சட்டம்.
"கை தட்டக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது."
சரியென்றேன்.

டூங்காபி மைதானத்தில் ஜூலைக் காலை.
புல்லின் வெள்ளைப் பனி இன்னும் கரையவில்லை.
பன்னிரண்டு வயதுப் பெடியள் இருபத்திரண்டு பேருக்கு நடுவே
என் மகள் ஆரபி.
தோளில் நில்லாத மஞ்சள் சட்டை,
வயது பதினைந்து,
ஆட்டத்துக்கு முப்பது டொலர் வாங்கும் நடுவர்.

முதல் விசில்
வெறுங்காற்றாய்த்தான் வந்தது.
யாரோ சிரித்தார்கள்.
தேத்தண்ணிக் குடுவையின் மூடியை
நான் திறந்து மூடினேன், திறந்து மூடினேன்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால்
அறைக்கதவைச் சாத்திக்கொள்பவள்.
"நிமிர்ந்து நட",
"சத்தமாய்க் கதை",
"வெக்கப்பட என்ன கிடக்கு" என்று
எத்தனை வருசம் சொல்லியிருப்பேன்.
ஒவ்வொன்றுக்கும் அந்தத் தோள்
ஓர் அங்குலம் இறங்கியதை
அளந்து பார்த்தவனில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு கோலை மறுத்தாள்.
கோட்டோரம் ஒரு தகப்பன்,
கையில் பாதி தின்ற சொசேஜ் பாண்,
"கண் தெரியாதா றெஃப்?" என்று கத்தினான்,
பிறகு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான்.
என் கை எப்படிக் கதவுப்பிடிக்குப் போனதோ
தெரியாது.
அங்கேயே கிடந்தது.

ஆரபி ஆட்டத்தை நிறுத்தினாள்.
நடந்து போனாள். ஓடவில்லை.
அந்த ஆளின் நெஞ்சளவுதான் இருந்தாள்.
என்ன சொன்னாளோ, கண்ணாடி ஏற்றியிருந்தது.
வாய் அசைந்தது. விரல் கோட்டைக் காட்டியது.
அவன் பின்னால் போனான்,
ஓரடி, இன்னுமோரடி,
சப்பாத்தில் தக்காளிச் சோஸ் சொட்ட.

அடுத்த விசிலுக்கு
வேலியிலிருந்த கொக்கட்டூ ஒன்று
திரும்பிப் பார்த்தது.

வரும் வழியில் சிப்ஸ் வாங்கினாள், தன் காசில்.
மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:
"அப்பா, அது ஓஃப்சைட் இல்லை.
நான் பிழை விட்டிட்டன்."

பரவாயில்லை, நீ திறம், உன்னைப்போல ஆர் என்று
முழுக் குடத்தையும் அவள் தலையில் கவிழ்க்க
நாக்கு நுனிவரை வந்தது ஆசை.
விழுங்கினேன்.
"பிறகு?"

"பிறகென்ன. அடுத்த பந்தைப் பார்த்தன்."

சிவப்பு விளக்கில் நின்றோம்.
உப்புப் படிந்த விரலால்
பையை என் பக்கம் தள்ளினாள்.
"வாற சனி நீங்கள் காருக்கு வெளியில நிக்கலாம்."

பச்சை விழுந்தது.

"கை தட்டக் கூடாது."