ஒரு தாள்

போட்டிக்கு ஒரேயொரு தாள் கொண்டுபோகலாம்,
இரண்டு பக்கமும் எழுதலாம்.
எறும்பு மட்டும் வாசிக்கக்கூடிய எழுத்தில்
நானும் சிக்னியும் நிரப்புகிறோம்.
ஈயம் அவள் பங்கு. நச்சுக்காளான் என் பங்கு.
ஆர்செனிக்கை ஐந்து வரிக்குள் அடக்கியது யார்
என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

அயோவாவில் பிப்ரவரி.
வெளியே, அறுத்த சோளத்தின் அரிதாள்மேல் பனி.
சனிக்கிழமை பள்ளி பூட்டு;
அவள் வீட்டுச் சமையலறையில் பயிற்சி.
நைட்ரேட் பட்டை எட்டே எட்டு மிச்சம்.
குழாய்த் தண்ணீரில் ஒன்றைச் சும்மாதான் நனைத்தாள்.

இளஞ்சிவப்பு.
அட்டையில் அதற்கு நேரான கட்டம் இருபது.
பத்தைத் தாண்டக் கூடாதென்று
எங்கள் தாளிலேயே இருக்கிறது, அவள் கையெழுத்தில்.
பட்டை பழசு என்றேன்.
இன்னொன்று நனைத்தாள்.
இன்னொன்று.

அடுத்த அறையில் அவள் அண்ணி
ஏப்ரலில் வரும் குழந்தையின் தொட்டிலுக்கு
ஆணி திருகிக்கொண்டிருந்தாள்.
"கொதிக்கவைத்தால் போயிற்று" என்றார் சிக்னியின் அப்பா,
உர மூட்டை வாசம் மாறாத கையால்
கெட்டிலைத் தூக்கியபடி.

நாற்பத்தொன்றாம் வரி:
கொதித்தால் நீர்தான் குறையும்,
நைட்ரேட் குறையாது, அடர்த்தி ஏறும்.
அதை எழுதியவன் நான். மதிப்பெண்ணுக்காக.
வாய்விட்டு வாசித்து முடித்தபோது
திருகும் சத்தம் நின்றிருந்தது.

சிக்னி எதுவும் பேசவில்லை.
தாளை எடுத்துப்போய்
ஃபிரிட்ஜ் கதவில், வாத்துக் காந்தத்தின் அடியில் செருகினாள்,
கைக்குழந்தையின் உதடு நீலமாகும் பக்கம்
வெளியே தெரியும்படி.

போட்டிக்கு ஒன்பது நாள்.
திங்களன்று புதுத் தாள் எடுத்து
ஈயத்திலிருந்து தொடங்கினோம்.