திரை சாய்ந்தால்

எமுலேட்டர் திறக்க இருபது நிமிடம்.
நாலு ஜிபி கணினி மூச்சுமுட்டி
விசிறியை மட்டும் வேகமாய்ச் சுற்றும்.
ஆகவே பேட்டை ரோட்டுக் கல்லூரியில்
எம்.எஸ்ஸி. இரண்டாமாண்டு
கையிலிருக்கும் போனில்தான்
ஆப் எழுதிப் பார்க்கிறது.

பதினேழு பேருக்கு உருப்படியாய் ஒரு கேபிள்.
மற்றதெல்லாம் சார்ஜ் ஏற்றும்,
கோடு கடத்தாது.
"ஏட்டி, அத இங்ஙன தள்ளு" என்கிறாள் உச்சிமாகாளி.
கேபிள் வரிசை தாண்டிப் போகிறது,
பந்தியில் சாம்பார் வாளி போல.

சந்தனமாரி கையிலுள்ளது அப்பாவின் போன்.
செவ்வாய், வெள்ளி
ஒன்பது முதல் பதினொன்று வரை அவளுக்கு.
அந்த இரண்டு மணி நேரம் கொம்பையா
வாசலில் லோடு ஆட்டோவுக்குள்
யாரும் கூப்பிட முடியாத மனிதர்.
கூப்பிடுகிறவர்கள் லாபுக்குள் கூப்பிடுகிறார்கள்.
"பதினொன்னுக்கு மேல வாரோம் அண்ணாச்சி,
செங்கலா, எம்சாண்டா?"
பாதியில் நின்ற நிரல் காத்திருக்கும்.

அவள் ஆப்பின் பெயர் நடைக்கணக்கு.
இடம், சரக்கு, வாடகை, டீசல், பாக்கி.
கீழே சேமி என்றொரு பச்சைப் பொத்தான்.

வெள்ளி இரவு எனக்கு ஒரு அழைப்பு.
"டீச்சரா? மாரி அப்பா பேசுதேன்.
நாலு நடையையும் எழுதிட்டு
சேமிய அமுக்கப் போறேன்,
போன் லேசா சாஞ்சிச்சு.
ஒண்ணையும் காணல."
கோபமில்லை அவர் குரலில்.
கணக்கில் தவறியது யாரென்று
தெரிந்துகொள்ளும் அவசரம் மட்டும்.

பாடத்திட்டப்படி அது மூன்றாம் அலகு.
நாங்கள் ஒன்றில் இருந்தோம்,
பொத்தானுக்கு நிறம் பூசிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் அலகிலிருந்து தொடங்கினேன்.
போனைத் தூக்கிப் பிடித்துச் சாய்த்தேன்.
பார்த்துக்கொள்ளுங்கள்,
இந்தப் பக்கம் இப்போது செத்துவிட்டது.
அதே பெயரில் இன்னொன்று பிறந்திருக்கிறது.
பிறந்ததற்குச் செத்ததைத் தெரியாது.
சாகும் முன் ஒரு சின்னப் பொட்டலம்
கட்டிக் கொடுக்க இடமிருக்கிறது.
வேண்டியதை மட்டும் கட்டுங்கள்.

"எதுக்கு மேடம் கொல்லணும்?
திருப்பி வச்சாப் போதாதா?"
ஜெபசிங் விடவில்லை.
படுத்த திரைக்கு வேறு அமைப்பு வேண்டுமே என்றேன்.
புத்தகத்தில் உள்ள பதில்தான்.
எனக்கு இன்னொன்றும் தெரியும்:
ஏப்ரல் முப்பதோடு என் நியமனம் முடியும்.
ஜூனில் புது ஆணை, பழைய நாற்காலி,
அதே சான்றிதழ்களின் நகல் மறுபடி மூன்று செட்.
அதைச் சொல்லவில்லை.

"சாயவே விடாமப் பூட்டிரலாம்,
ஒரே வரி" என்றான் செய்யது மசூது.
பாதி வகுப்பு தலையாட்டியது.
சந்தனமாரி திரையைவிட்டு நிமிராமலே,
"அப்பா வண்டில போனப்
படுக்க வச்சுத்தான் மாட்டுவாங்க.
கையில எடுத்தா நிமித்துவாங்க" என்றாள்.
அப்புறம் யாரும் பூட்டைப் பற்றிப் பேசவில்லை.

பொட்டலம் கட்ட அவளுக்கு ஒன்பது வரி ஆனது.
ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய் அரைமணி நேரம்.
பதினொன்று அடித்துவிட்டது.
வாசலில் ஹாரன் ஒருமுறை, மெதுவாக.

அடுத்த வெள்ளி
கேபிள் அவள் முறைக்கு வந்தபோது
ஆப் எழுதிவைத்த பதிவுக்குறிப்பைத் திறந்தோம்.
வியாழன் இரவு ஒன்பது பத்துக்கு
ஒரே ஒரு நடை:
வி.எம். சத்திரம், செங்கல், எழுநூறு, பாக்கி இருநூறு.
அதன்பின் சேமி அமுக்கப்படவில்லை.
ஒன்பது பதினொன்று, அழிந்தது, பிறந்தது.
ஒன்பது பதினொன்று, அழிந்தது, பிறந்தது.
ஒன்பது பன்னிரண்டு.
உச்சிமாகாளி எண்ணினாள். பதினாறு முறை.

எங்கேயோ வண்டியை நிறுத்திவிட்டு
அவர் போனைச் சாய்த்திருக்கிறார்,
நிமிர்த்தியிருக்கிறார்,
எழுநூறு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

சந்தனமாரி பட்டியலை மேலே தள்ளினாள்.
கடைசி வரி ஒன்பது இருபத்தொன்று.
நிமிர்ந்த நிலை.
சேமிக்கப்பட்டது.