நிர்வாகியால் நீக்கப்பட்டது

யீஷூன் தமிழர் குழுவில்
நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.
காவல் ஒருவர்தான்.
ஜெசிந்தா அக்கா, பக்கத்து புளோக், நான்காம் மாடி.
சாங்கியில் இரவு வேலை:
பறக்கப் போகிறவர்களின் தட்டுகளில்
வெண்ணெய்க் கட்டி வைக்கிறவர்.
அதற்குச் சம்பளம் உண்டு.
எங்களைக் கட்டி மேய்ப்பதற்கு இல்லை.

"சும்மாவா செய்வா ஒருத்தி?" என்றார்
கோப்பிக்கடையில் சிங்காரவேலு.
"வசிப்போர் குழுவுல நாற்காலி பாக்குறா."
எவனோ கமிஷன் கொடுக்கிறான் என்றது இன்னொரு வாய்.
கோசோங் ஆறும்வரை
அவர் பெயரைக் கலக்கிக்கொண்டிருந்தோம்,
சீனி போடாத கோப்பியைக் கலக்குவதுபோல.

அவர் எடுத்தெறிந்தவை எத்தனையோ:
நாலே மணி நேரத்தில் கடன், ஜாமீன் வேண்டாம்;
எலுமிச்சையும் மஞ்சளும் சேர்ந்து விரட்டும் புற்றுநோய்;
வாடகைக்கு அறை, நம்ம ஆட்களுக்கு மட்டும்,
அதன் கீழே, நம்ம என்றால் யார் என்று
விடியும்வரை நடந்த சண்டை;
காலை வணக்கம் சொல்லும் ரோஜாக்கள், தினம் முப்பது.
ரோஜாவை நீக்கியதற்குத்தான்
அதிகம் வசவு வாங்கினார்.

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் மாடிக்காரர்
மூங்கில் கழியில் போடும் துணியைப் பிழிவதில்லை.
சொட்டுவது, ஒன்பதில், காய்ந்த என் சட்டைகள்மேல்.
மூன்று மாதம் மரியாதையாகச் சொன்னேன்.
ஒரு சனிக்கிழமை, மூன்று பியருக்குப் பிறகு,
இரவு இரண்டு பதின்மூன்றுக்குக்
குழுவில் எழுதினேன்.
தண்ணீரைப் பற்றி ஒரு வரி.
அவர் மகன் இப்போது எங்கே இருக்கிறான்,
எதற்காக, இன்னும் எத்தனை வருடம் என்று
நாலு வரி.

காலையில் எழுந்தால்
சாம்பல் நிறத்தில் ஒன்றுதான்:
இந்தச் செய்தி நிர்வாகியால் நீக்கப்பட்டது.

குதித்தேன்.
துணி சொட்டுகிறது என்று சொல்லக்கூட
இங்கே வாய் கிடையாதா என்று கேட்டேன்.
பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.
சர்வாதிகாரி என்றார் ஒருவர், எழுத்துப் பிழையோடு.
அவரில்லாமல் தனிக் குழு தொடங்கினோம்,
சுதந்திரம் என்று பேர் வைத்து.
மூன்றாம் நாள் கடன்காரர்கள் வந்தார்கள்.
ஐந்தாம் நாள் சிங்காரவேலுவும் அவர் மைத்துனரும்
பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.
ஒன்பதாம் நாள் யாரோ எழுதினார்:
இங்கே கேட்பாரே இல்லையா?
எல்லாரும் பார்த்தோம். நீல டிக் விழுந்தது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
இரண்டே சொல், நான்
வீட்டை விற்றுவிட்டு உட்லண்ட்ஸ் போயிருப்பேன்.
வேலை நடுவே, கையுறையைக் கழற்றி,
நாலு நிமிடத்துக்குள் அள்ளியிருக்கிறார்.
பத்தாம் மாடி அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

இன்றும் மின்தூக்கியில் அந்த மனிதர்
எனக்காகக் கதவைப் பிடித்து நிற்கிறார்.
முழங்கால் தேவலையா என்கிறார்.
தேவலை என்கிறேன்.
துணி இன்னும் சொட்டுகிறது.

எனக்கு அக்காவைப் பிடிக்கவில்லை.
நன்றி இருக்கிறது; பிடிக்கவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டில்
என்னை முழுதாகப் படித்தவர் அவர் ஒருத்தர்.
தேக்கா சந்தையில் தூரத்தில் கண்டால்
மீன் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.
விலை கேட்கிறேன். வாங்குவதில்லை.

நேற்று வெற்றுத்தளத்தில் தப்ப வழியில்லை.
சீருடையோடு, கல்மேசையில் பொட்டலம் பிரித்து
பீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் கைப்பேசி
வண்டுபோல் உறுமி உறுமி நகர்ந்தது.
சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது.
"அக்கா, தண்ணித் தொட்டி கழுவுறது
எந்தத் தேதி?"
மென்றபடியே நிமிர்ந்தார்.
"அதான் குழுவுல போட்டிருக்கேனே தம்பி.
மேல போய்ப் பாருங்க."

மின்தூக்கியில் ஏறினேன்.
விரல் பத்தின்மேல் கொஞ்சம் நின்றது.
பிறகு ஒன்பதை அழுத்தியது.