நோக்கம் குறிப்பிடப்படவில்லை

"ஆழமான காயம்" என்று எழுதியிருக்கிறார் டாக்டர் பிரான்ட்வோல்ட்.
ஆழத்துக்கு என்னிடம் எண் கிடையாது.
மார்புக்கூட்டுக்குள் நுழைந்ததா இல்லையா,
அதைச் சொல்லுங்கள் டாக்டர்.
நுழையாவிட்டால் இருபத்தொன்று புள்ளி ஒன்று.
நுழைந்திருந்தால் புள்ளி மூன்று.
இரண்டுக்கும் நடுவே
ஒரு விலாவின் தடிமன்.

டுலூத்தில் பிப்ரவரி. உறைந்த ஏரி
இரவில் விரிசல் விட்டு முனகுகிறது.
நான் மார்லிஸ் காங்கஸ்.
பதினாறு வருடமாக வீட்டின் அடித்தளத்தில்,
துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
பார்த்திராத உடல்களுக்கு எண் போடுகிறேன்.
ரத்தம் பார்த்தால் மயங்கிவிடுவேன்,
அதனால்தான் இந்த வேலை.

கேள்வி அனுப்பவும் முறை உண்டு.
அவர் வாயில் நான் சொல்லைத் திணிக்கக் கூடாது.
"நுழைந்தது, இல்லையா?" என்று கேட்டால் தவறு.
"தெளிவுபடுத்தவும்" என்று மட்டும் கேட்டேன்.
இரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது:
நுழைந்தது. இடப்பக்கம், நான்காம் விலா இடைவெளி.
குழாயில் எழுநூறு மில்லி.
எழுநூறு மில்லிக்கு எண் இருக்கிறது.
போட்டேன்.

இனி, எப்படி நடந்தது என்பதற்கான எண்.
செவிலியின் குறிப்பில் ஒரே வரி:
"வெங்காயம் நறுக்கையில் கத்தி வழுக்கிப் பட்டுவிட்டது
என்கிறார் கணவர்."
குத்தியது அல்ல, பட்டது.
என்கிறாள் அல்ல, என்கிறார்.
அவள் பேசியதாக எந்தப் பக்கத்திலும்
ஒரு வினைச்சொல் இல்லை.

விதிப்புத்தகம் இந்த இடத்தில் தயங்குவதில்லை:
நோக்கம் சொல்லப்படாவிட்டால்
விபத்து என்று கொள்க.
கத்தி தற்செயலாகப் பட்டால் ஓர் எண்,
ஒருவர் குத்தினால் வேறோர் எண்.
இரண்டிலும் நடுவே இரண்டு எக்ஸ்,
வெற்றிடத்தை அடைக்க மட்டும்.
அந்த இரண்டு எக்ஸையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைக்குத் தனி எண் உண்டு,
சமைப்பதற்கும் உண்டு.
வெங்காயத்துக்கு இல்லை.

மேலே ஏறிப்போய்
இழுப்பறையிலிருந்து மரக்கரண்டியை எடுத்தேன்.
வெட்டுப்பலகை முன் நின்று, வலக்கையில் பிடித்து,
வழுக்கவிட்டேன்.
இடுப்பில் பட்டது. இன்னொரு முறை, விரலில்.
இடது மார்புக்கு, மேலிருந்து கீழாக
அது வர வேண்டுமென்றால்
முழங்கையை என் தலைக்கு மேல் தூக்க வேண்டும்.
ஆர்டெல் உள்ளாடையோடு வாசலில் நிற்கிறார்.
"என்ன செய்றே?"
"வேலை," என்றேன்.
கரண்டி இன்னும் என் நெஞ்சில் ஊன்றியிருந்தது.

கரண்டியின் சாட்சியத்தை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.
எனக்குத் தெரிவது ஆவணமல்ல.

திரும்பி வந்து, செய்யத் தேவையில்லாத ஒன்றைச் செய்தேன்:
பழைய கோப்புகளைத் திறந்தேன்.
மூன்று வருடத்துக்கு முன், இடது மணிக்கட்டு முறிவு.
"மாடிப்படியில் வழுக்கி" என்றிருந்தது.
அங்கும் வழுக்கல்தான்.
எண்ணிட்டவர்: எம்.கே.

அந்த இரவு எனக்கு நினைவில்லை.
அன்று நாற்பது கோப்பு முடித்திருப்பேன்.
சரியாகத்தான் போட்டிருக்கிறேன்,
தணிக்கையில் நூற்றுக்கு நூறு.

இரண்டாவது கேள்வி எழுதினேன்:
"காயத்தின் நோக்கம் குறித்துப் பதிவு இல்லை.
விபத்து, பிறரால், தன்னால்,
தீர்மானிக்க இயலாதது, வேறு.
தங்கள் மருத்துவக் கணிப்பின்படி ஒன்றைத் தரவும்."
ஐந்தையும் ஒரே அளவு எழுத்தில் வைத்தேன்.
எதையும் தடித்த எழுத்தாக்கவில்லை.
கை போயிற்று. எடுத்துவிட்டேன்.

பில் பிரிவிலிருந்து காலையில் கேட்பார்கள்,
இந்தக் கோப்பு ஏன் இன்னும் நிற்கிறது என்று.
நிற்கட்டும்.

கடைசி எழுத்தை மட்டும் இப்போதே போட்டு வைக்கிறேன்: ஏ.
புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும்
அதை முதல் முறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
முதல் முறை என்று பொருளில்லை.
சிகிச்சை இன்னும் நடக்கிறது,
அவ்வளவுதான்.