திரைச்சீலைக்குப் பின்னால் ஒருவர்

படம் பார்க்கவென்று போகவில்லை.
கார் உறைந்துபோயிற்று, அவ்வளவுதான்.
டுலூத்தில் அந்தப் பிப்ரவரி
மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டும்.
அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்.
எதிரே ஒரு தியேட்டர்,
பெயர்ப்பலகையில் பாதி எழுத்துக்கு வெளிச்சமில்லை.
டிக்கெட் ஒன்றேகால் டாலர்.
"இந்தச் சூட்டுக்கு இது மலிவுடா" என்றான் லைல் கோஸ்கெலா.

உள்ளே எங்களையும் சேர்த்து ஏழு பேர்.
ஒருவர் தூங்குவதற்கென்றே வந்திருந்தார்.
பூட்ஸைக் கழற்றி, காலுறைகளை
முன்சீட்டின் முதுகில் உலரப் போட்டிருந்தார்.
இரும்புத்தாதுத் துறையில் பகலெல்லாம் நின்ற எங்கள் கோட்டுகள்
கதகதப்பு ஏற ஏற
நனைந்த நாய்போல நாறத் தொடங்கின.

பிறகு விண்வெளி வந்தது.

சனிக்கு அப்பால் ஒரு நிலையம்.
அதில் இரண்டு பேர். பெயரில்லை, எண்கள்தாம்:
நான்கு, ஒன்பது.
அவர்களை மாற்ற வரவேண்டிய கப்பல்
ஆறு வருடமாக வரவில்லை.
சுவரெல்லாம் முட்டை அட்டை, மேலே வெள்ளிப் பூச்சு,
ஒரு மூலையில் பூச மறந்திருந்தார்கள்.
ஹெல்மெட்டுக்குள் மூச்சு படிந்து
பாதி நேரம் நடிகரின் முகமே தெரியவில்லை.
வேற்றுக்கிரகப் பிராணி, யார் வீட்டுக் கம்பளமோ.
அது ஊர்ந்து வந்தபோது
அடியில் ஒரு முழங்கை எட்டிப் பார்த்தது.

லைல் சிரித்தான். நான் சிரித்தேன்.
பின்வரிசையில் ஒரு பெண் சிரித்த சிரிப்பில்
தூங்கியவர் திடுக்கிட்டு எழுந்து
"வந்துடுச்சா?" என்றார்.
எது என்று சொல்லவில்லை.
மறுபடி தூங்கிவிட்டார்.

அப்புறம் அந்த ஜன்னல் காட்சி.

"இன்னைக்குப் புதனா?" என்று நான்கு கேட்பான்.
"யார் வந்து சரிபார்க்கப் போறாங்க,
புதன்னே வெச்சுக்கோ" என்பான் ஒன்பது.
அதன்பின் பேச்சில்லை. இசைகூட இல்லை,
இசைக்குக் காசு தீர்ந்திருக்கும்.
நான்கு ஜன்னலருகே போய் நிற்கிறான்.
வெளியே நட்சத்திரங்கள்:
கறுப்புத் துணியில் ஊசித் துளைகள், பின்னால் பல்பு.
குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒரு நட்சத்திரம் அணைந்தது.
பக்கத்தில் இன்னொன்று அணைய
முதலாவது திரும்பி வந்தது.
பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.
இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல்,
இருட்டு ஒன்று வானத்தைக் கடந்து போயிற்று.

யாரோ துணிக்குப் பின்னால் நடந்திருக்கிறார்கள்.
ஏணி எடுக்கவோ, காப்பி குடிக்கவோ.
எனக்குத் தெரியும்; லைலுக்கும் தெரியும்.
ஆனாலும் அவன் என் முழங்கையைப் பிடித்து
"கப்பல்டா" என்றான், மிகச் சன்னமாக,
"விளக்கைப் போடாமப் போகுது."

யாரும் சிரிக்கவில்லை.
பின்வரிசைப் பெண்ணும்தான்.
பஸ்ஸை விட்டுவிட்டோம். வீட்டுக்கு நடந்தோம்,
ஏரி முழுக்க உறைந்து கிடந்தது,
இருவரும் வாயே திறக்கவில்லை.
பல் வலிக்கும் குளிரில் யார் திறப்பார்கள்.

போன மாதம் அதே படம்,
பல்கலைக்கழக அரங்கில், டிஜிட்டலில் புதுப்பித்தது.
பிள்ளைகள் முட்டை அட்டையைத் தொப்பியாக வைத்திருந்தார்கள்.
வசனம் வருமுன்பே கத்தினார்கள்.
"புதன்னே வெச்சுக்கோ!" என்று முந்நூறு தொண்டை.
நானும் கத்தினேன், பொய் சொல்வானேன்.
கம்பளத்தின் முழங்கைக்குக் கைதட்டல்.

ஜன்னல் காட்சி வந்தது. காத்திருந்தேன்.
ஒவ்வொரு துளையும் அசையாமல் எரிந்தது.
பழுது என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறார்கள்.
நான்கின் கண்கள் மட்டும்
இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல்,
ஒன்றுமில்லாததைப் பின்தொடர்ந்து போயின.

அன்றிரவு லைலுக்குப் போன் போட்டேன்.
குளிரைத் தலைமுழுகிவிட்டு அரிசோனாவில் இருக்கிறான்,
முட்டியில் இரும்பு வைத்திருக்கிறது.
நட்சத்திரம் இப்போது அணைவதில்லை என்றேன்.
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
வெகுநேரம் அதுதான்.

"அப்போ அந்த ஆளு?" என்று கேட்டான்.